மின்தொகுதியும் எண்வழி மாதிரியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளை நேரிற் சோதித்தல் இயலாதவிடத்து, அதனை ஒத்த பிறிதொன்றை அமைத்து அதன்கண் சோதித்தல் அறிவியலார் வழக்கு. பல நகரங்களுக்கு ஆற்றல் வழங்கும் மின்தொகுதியை ஆராய்ச்சியின் பொருட்டு நிறுத்திவைத்தல் ஒல்லுவதன்று; ஆதலின் அதற்கு மாதிரி வேண்டப்பட்டது. இன்று பொறியியல் மாணவர் பயிலும் எண்வழி மாதிரி கணிப்பொறியோடு உடன்தோன்றியது என்பர் சிலர். அக்கருத்தின் பொருத்தத்தையும், மாதிரியின் எல்லையையும் ஈண்டு ஆராய்வாம்.

எண்வழி முறை கணிப்பொறிக்கு மிக முற்பட்டது. செருமானியக் கணித அறிஞர் கவுஸ், பல சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்கும் வழியொன்றை 1823-இல் கெர்லிங் என்பார்க்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். தோராய விடையொன்றை முதற்கண் கொண்டு, அதனைப் படிப்படியாகத் திருத்திச் செல்வதே அவ்வழி. அதனை ஒத்த முறையைச் சைடல் என்பார் 1874-இல் வெளியிட்டார். கவுஸ் கருதியது நிலவளவைக் கணக்கேயன்றி மின்தொகுதியன்று.

மின்தொகுதிக்கு முதலில் அமைந்தது எண் மாதிரியன்று, பொருள் மாதிரியே. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹேசன் முதலியோர் அமைத்த வலையப் பகுப்பியைப் பற்றிய கட்டுரை 1930-இல் வெளிவந்தது. மின்கோடுகளுக்கு ஈடாகத் தடைகளையும் சுருள்களையும் மின்தேக்கிகளையும் இணைத்து, வேண்டும் அளவைகளைக் கருவிகளால் அளந்தறிந்தனர். மாணவர் மின்தொகுதியைச் சிறிய உருவிற் கண்ணாற் கண்டு, கையால் இணைத்துப் பயின்றனர்.

1956-இல் வார்டு, ஹேல் என்னும் இருவர் இக்கணக்கை எண்வகைக் கணிப்பொறியில் தீர்க்கும் முறையை வெளியிட்டனர். படிப்படியாகத் திருத்தும் பழைய நெறியே அங்கும் பயன்பட்டது. ஆயின் தொகுதி பெருகுந்தோறும் திருத்தத்தின் படிகளும் பெருகின. 1967-இல் டின்னி, ஹார்ட்டு என்போர் நியூட்டன் முறையைக் கையாண்டு சில படிகளிலேயே விடை கண்டனர். எனவே, கணிப்பொறி தந்தது விரைவேயன்றிக் கருத்தன்று என்பது பெறப்படும்.

தொல்காப்பியர் உவமத்தை வகுத்த நெறி இவ்வேறுபாட்டை விளக்கத் துணைசெய்யும். வலையப் பகுப்பி மெய்யாலும் வினையாலும் தொகுதியை ஒத்தது. எண் மாதிரியோ வினை ஒன்றானே ஒப்பது. வடிவொப்புமை நீங்கியவழி, உவமத்திற்கும் பொருளுக்கும் இடையே நேரும் பிறழ்ச்சி கண்ணுக்குப் புலனாவதில்லை.

இதன் விளைவை வரலாறு காட்டுகின்றது. 1965 நவம்பர் 9-இல் வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவின் ஒரு பகுதியிலும் ஏறத்தாழ 3 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். 1970-இல் சுவெப்பே என்பார், அளவைகளிலுள்ள பிழைகளை ஆய்ந்து தொகுதியின் உண்மை நிலையை உய்த்துணரும் கணக்குமுறையை வெளியிட்டார். அம்முறை பின்னர்க் கட்டுப்பாட்டு நிலையங்களில் இடம்பெற்றது. ஆயினும் 2003 ஆகஸ்டு 14-இல் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மீண்டும் இருளில் ஆழ்ந்தனர். இரு நாட்டு ஆய்வுக்குழு கண்ட காரணங்கள் பலவற்றுள் ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. மத்திய மேற்குப் பகுதியைக் கண்காணித்த நிலையத்தில், செயலிழந்த மின்கோடு ஒன்று மாதிரிக்குள் செயற்படுவதாகவே இருந்தது. அதனாற் கணக்கு பொருந்திற்றிலது. அதனைச் சரிசெய்ய முற்பட்டவர், தானியங்கும் அமைப்பை நிறுத்தியபின் மீண்டும் இயக்க மறந்தார். பிற்பகலின் பெரும்பகுதியும் நம்பத்தக்க கணக்கு கிட்டவில்லை. சமன்பாடு பிழைபடவில்லை, மாதிரி உலகினின்றும் பிரிந்துநின்றது.

ஆதலின், கணக்கு விடை தருவது வேறு. அவ்விடை உண்மையாதல் வேறு. முன்னதைக் கணிப்பொறி உறுதிசெய்யும். பின்னதை அளவையும் மாந்தர் விழிப்புமே உறுதிசெய்யும். எண்வழி மாதிரியைக் கற்பிப்போர் தீர்க்கும் முறையோடு அமையாது, மாதிரி எங்கே பொருளினின்றும் விலகும் என்பதையும் கற்பித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபாம்.