தலைவலி மாத்திரை போடும் முன்...

ஒற்றைத் தலைவலி வந்தால் நம்மில் பலர் மருத்துவரிடம் போவதில்லை. பக்கத்து மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருட்டறையில் படுத்துவிடுகிறோம். எப்போதாவது ஒருமுறை என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் இதயம், இரத்த அழுத்தம் என்று தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

பாராசிட்டமால்

பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்துதான் இருக்கிறது. பெயர் வேறாக இருப்பதால் தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம். அளவு மீறினால் கல்லீரல் கெடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைப் பல நாள் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்தக்கசிவு அபாயம் கூடும்.

இப்யூபுரூஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின்

வார்ஃபரின், குளோபிடோக்ரல், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவற்றோடு இவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியலாம். இதயத்துக்காகத் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் எடுப்பவருக்கு, இப்யூபுரூஃபன் அந்த ஆஸ்பிரினின் வேலையைத் தடுத்துவிடக்கூடும். ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உடலில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நோன்பு நாட்களில் தலைவலிக்கிறதென்று ஸஹரில் இவற்றைப் போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் தரக் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம்.

எர்காட்டமின்

ஒற்றைத் தலைவலிக்கென்றே விற்கும் சில மாத்திரைகளில் இது உண்டு. மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியதை, பழைய அட்டையைக் காட்டி வாங்கிவிடுகிறோம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் இரத்தக் குழாய்கள் கடுமையாகச் சுருங்கி, கை கால்களுக்கு இரத்தம் போவதே தடைப்படலாம். சுமாட்ரிப்டான் எடுத்த 24 மணி நேரத்துக்குள் இதை எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் இதைத் தொடவே கூடாது.

மாத்திரையே தலைவலியாகும்போது

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையும், 10 நாளோ அதற்கு மேலோ காஃபின் போன்றவை கலந்த மாத்திரையோ எர்காட்டமினோ மாதக்கணக்கில் எடுத்துவந்தால், அதனாலேயே தலைவலி தொடர்ந்து வரும்.

நாம் செய்ய வேண்டியது சிறியதுதான். வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி வைத்து, கடையில் அதைக் காட்டிக் கேட்போம். அட்டையில் மருந்தின் மூலப்பெயரைப் படிப்போம். இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரென மண்டை பிளப்பதுபோல் வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் மரத்துத் தளர்ந்தாலோ மாத்திரையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.