காரில் குழந்தைகள்: சட்டம் சொல்வது என்ன? பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?



சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காக உடன்குடியிலிருந்து உவரிப் பக்கம் வாடகைக் காரில் சென்றோம். நாம் முன் இருக்கையில். மூன்று வயது மகள் நம் மடியில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியதாழையை நெருங்கும்போது ஓர் ஆடு குறுக்கே ஓடியது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். வண்டி எதிலும் மோதவில்லை. ஆனால் மகள் நம் கையிலிருந்து நழுவி, நெற்றி டேஷ்போர்டில் இடித்தது. மூன்று தையல் போட வேண்டியதாயிற்று.

நம்மை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். அன்று நாம் சீட் பெல்ட் அணிந்திருந்தோம். போலீஸ் சோதனைக்குப் பயந்து நமக்கு மாட்டிக்கொண்டோம். பிள்ளைக்கு எதுவும் இல்லை. பிறகு பின் இருக்கையைப் பார்த்தால், பெல்ட் பூட்டும் முனைகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. இன்றும் பல கார்களில் இதே நிலைதான்.

நம் நாட்டுச் சட்டம்

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019-இல் வந்தது. அதன் 194பி பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதிப்பவரும் பொறுப்பாவார். பின் இருக்கையில் முன்னோக்கி அமர்பவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்பது விதி. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்த பிறகே நாட்டில் பலரும் இந்த விதியைக் கவனித்தார்கள்.

இந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. 'பெல்ட் அல்லது பாதுகாப்பு இருக்கை' என்று அது பொதுவாகச் சொல்கிறது. எந்த வயதுக்கு, எந்த உயரத்துக்கு எது என்று பிரித்துச் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டினால் அபராதம் வராது. ஆனால் அந்தப் பட்டை பிள்ளையின் கழுத்தையும் வயிற்றையும் அல்லவா அழுத்தும்?

வெளிநாட்டில் ஒரு வழக்கம், ஊரில் ஒரு வழக்கம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை 1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. மீறினால் 400 திர்ஹம் அபராதம், 4 கரும்புள்ளிகள். 10 வயது ஆகாத பிள்ளை முன் இருக்கையில் அமரவும் தடை விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்கு அவர்களுக்கேற்ற இருக்கை தேவை.

நம் சபராளிகள் அங்கே இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். விடுமுறையில் ஊர் வந்து விமான நிலையத்தில் இறங்கியதும் அதே பிள்ளை உம்மம்மாவின் மடிக்குப் போய்விடுகிறது. துபாயில் கட்டப்படும் பிள்ளையை இங்கே கட்டாமல் விடுவதற்கு என்ன காரணம்? அங்கே கேமரா இருக்கிறது, இங்கே இல்லை என்பதுதான். அப்படியானால் நாம் அஞ்சுவது பிள்ளைக்காகவா, அபராதத்துக்காகவா?

மடி ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருப்பவர் மீது அவரது எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசை வரும். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோ மூட்டையைப் போல் முன்னே பாயும். எந்த வாப்பாவின் கையும் அதைத் தாங்காது. அந்த வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரும் பெல்ட் அணியாமல் இருந்தால் அவரது எடையும் சேர்ந்து பிள்ளையை நசுக்கும்.

எந்த வயதில் எது?

• பிறந்தது முதல் குறைந்தது 15 மாதம் வரை: பின்பக்கம் நோக்கிய இருக்கை. கைக்குழந்தையின் தலை கனமானது, கழுத்து பலமற்றது. பின்னோக்கி இருந்தால் அதிர்ச்சியை முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்ளும். முன்பக்கம் ஏர்பேக் உள்ள இருக்கையில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் குழந்தையின் உயிரையே பறிக்கும்.

• அதன் பிறகு சுமார் 4 வயது வரை: ஐந்து இடங்களில் பிடிக்கும் பட்டைகள் கொண்ட, முன்னோக்கிய இருக்கை. பின்னோக்கிய இருக்கை இன்னும் பொருந்தினால் அதையே தொடர்வது நல்லது.

• பிறகு உயரம் வளரும் வரை: பூஸ்டர் எனும் உயர்த்தும் இருக்கையும் காரின் பெல்ட்டும். பட்டை கழுத்தில் அல்லாமல் தோள்பட்டையிலும், வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பிலும் படிய ஆரம்பித்த பின்பே பூஸ்டரை எடுக்கலாம்.

வாங்கும்போது ஐரோப்பிய ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து உறவினர் பழைய இருக்கையை அனுப்பினால், அது விபத்தில் சிக்கியதா, காலாவதி ஆனதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருந்தால் இருக்கையைப் பொருத்துவது எளிது. நம் கடற்கரை வெயிலில் நிறுத்திய காரில் உலோகப் பூட்டு சுட்டுவிடும். ஒரு வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள்.

இருசக்கர வாகனம்

நம்மில் பெரும்பாலோரிடம் கார் இல்லை, பைக்தான். அதற்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரி 15-இல் அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரை அளவுக்கேற்ற ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேல் ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை என்று மதரஸாவுக்கு அழைத்து வருவதை நாம் தினமும் வாசலில் நின்று பார்க்கிறோம்.

இன்றே செய்யக் கூடியவை

பாதுகாப்பு இருக்கை வாங்க வசதி இல்லாதவர்கள் இவற்றையாவது செய்யலாம். சீட் கவருக்குள் புதைந்த பெல்ட் முனைகளை வெளியே எடுங்கள். வாடகைக் கார் பேசும்போதே, "பின்னால் பெல்ட் வேலை செய்யுமா தம்பி?" என்று கேளுங்கள். பிள்ளையை முன் இருக்கையில் அமர்த்தாதீர்கள். ஒரே பெல்ட்டுக்குள் இருவரைக் கட்டாதீர்கள். வலிமாவுக்கு ஐந்து பேர் செல்லும் காரில் ஒன்பது பேர் ஏறாதீர்கள்.

பிள்ளை அழும், உம்மா திட்டுவார்கள். முதல் சில பயணங்கள் சிரமம்தான். பிறகு பிள்ளையே பெல்ட்டைக் கேட்கும். நம் வீட்டில் அப்படித்தான் நடந்தது. தழும்பு இருக்கும் அந்த மகள் இப்போது எல்லோரும் பெல்ட் மாட்டினார்களா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க விடுகிறாள்.

விதி என்று சொல்லி நம் அலட்சியத்தை மறைக்க வேண்டாம். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முயற்சி நம் கடமை. பாதுகாப்பு இறைவனின் கையில். அவன் நம் மக்களைச் சாலை ஆபத்துகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.