பழைய மினி காருக்குப் புது கியர்பாக்ஸ், கிளட்ச்... செலவு செய்யும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பிரிட்டனில் 1959-ல் அறிமுகமாகி, 2000 வரை தயாரான குட்டி கார் மினி. இன்றும் பலர் அதைப் பொத்திப் பாதுகாத்து ஓட்டி வருகிறார்கள். 'கியர் போட்டால் சத்தம் வருது, பெட்டியையே மாத்திடலாமா?' என்பது அவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி. மாற்றலாம். ஆனால் அவசரப்பட்டால் கையைக் கடிக்கும்.

மினியில் என்ன சிக்கல்?

காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், இடத்தை மிச்சம் பிடிக்க இன்ஜினைக் குறுக்காக வைத்து, அதன் அடியிலேயே கியர்பாக்ஸைப் பொருத்தினார். இரண்டுக்கும் ஒரே ஆயில்தான். கியர் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் இன்ஜின் பேரிங் வரை போய்ச் சேரலாம். 'சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று விட்டால் இன்ஜினுக்கும் சேர்த்துச் செலவு வரும்.

சத்தம் வந்தாலே கோளாறா?

இல்லை. 1968-க்கு முந்தைய பெட்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கார் உருளும்போது முதல் கியர் போட்டால் 'கர்ர்' என்பது அதன் இயல்பு. 1968-ல்தான் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்தது.

நின்ற காரில், கிளட்ச்சை முழுதாக மிதித்துச் சற்றுப் பொறுத்த பிறகும் ரிவர்ஸ் உராய்ந்தால், கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். முதலில் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவோ காற்றோ இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் செலவிலேயே வேலை முடிந்துவிடலாம்.

ஐந்து கியர் தேவையா?

ஹைவேயில் இன்ஜின் அலறுவதுதான் பிரச்னை என்றால், விலை அதிகமான ஐந்து கியர் கிட்டுக்கு முன் ஃபைனல் டிரைவை யோசிக்கலாம். 3.44 விகிதத்தை 3.1 ஆக்கினால், 4,000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்குச் சுமார் 3,600 போதும். ஆனால் மேட்டில் இழுவை குறையும். 848 சிசி போன்ற சிறிய இன்ஜினில் இது நன்றாகவே தெரியும்.

கிளட்ச் எப்போது?

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஆர்பிஎம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்திருக்கலாம்; ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருக்கலாம். சீலைப் பார்க்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் பிரச்னை திரும்ப வரும்.

கிளட்ச் பக்கவாட்டில் இருப்பதால், இன்ஜினை இறக்காமலேயே மாற்றலாம். ஆனால் ஃபிளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் கட்டாயம். சுத்தியால் தட்டினால் சேதம்தான். இன்ஜின் பவரைக் கூட்டியிருந்தால் வலுவான பிரஷர் பிளேட் தேவைப்படும். பெடல் கனமாகும், டிராஃபிக்கில் கால் வலிக்கும்.

ஒரே தடவையில் முடிங்க

கியர்பாக்ஸைத் தொட இன்ஜினை வெளியே எடுத்தே ஆகணும். அப்போதே பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் இரண்டாவது முறை கூலி மிச்சம்.

பிறகு ஊற்ற வேண்டியது இன்ஜின் ஆயில்தான், கியர் ஆயில் அல்ல. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, டிரெய்ன் பிளக்கில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நைசான பூச்சு இருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.