குதிரையை விட்டிறங்காத ஸ்தானாபதி

1689ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் இரவில், யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குள் பூசைக்காகக் கூடியிருந்த ஏறக்குறைய முந்நூறு கத்தோலிக்கரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டதையும், பெண்களைப் போகவிட்டு ஆண்களுக்கு அபராதம் விதித்த அதிகாரிகள், தங்கள் சபையை விட்டுக் கத்தோலிக்கத்தில் சேர்ந்த எட்டுப் பேருக்கு மட்டும் கொடுந்தண்டனை அளித்ததையும், அவர்களில் ஒருவர் அந்தச் சித்திரவதையிலேயே உயிர்நீத்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். அவர்கள் தேடிவந்த ஆசாமி மட்டும் அகப்படவில்லை. கோவாவில் பிராமண வம்சத்தில் வந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தும், கூலியாளின் கந்தலை உடுத்திக்கொண்டு 1687இல் இலங்கைத் தீவில் கரையேறி, கழுத்தில் செபமாலையோடு வாசல் வாசலாகப் பிச்சைக்கு நின்று, அந்த மாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்தே தம் மந்தையை இனங்கண்டுகொண்ட ஜோசப் வாஸ் அடிகள், ஒல்லாந்தர் கைக்கு எட்டாத கண்டி ராஜ்யத்தின் எல்லைக்குள், புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வாரம் 1696ஆம் வருஷத்துக் கண்டி மழையைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அந்த மழைதான் அடிகளின் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்த சம்பவம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், 1692இல் கண்டிக்குப் புறப்பட்ட அவரை அந்நகர வாசலிலேயே சிறைக்கு அனுப்பிவைத்த மனிதன் யார் என்று கேளாமல் மழைக்குத் தாவ எனக்கு மனம் வரவில்லை. போர்த்துக்கீசியரின் ஒற்றன் ஒருவன் வருகிறான் என்று அரண்மனைக்குச் செய்தி சொன்னவன் லானரோல் என்ற பிரெஞ்சுக்காரன்.

இவன் கதை விசித்திரமானது. இருபது வருஷங்களுக்கு முன், 1672இல், தெ லா ஏ என்னும் தளபதியின் தலைமையில் பதினான்காம் லூயி மன்னனின் கடற்படை திருகோணமலையில் நங்கூரமிட்டபோது, கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனிடம் நட்புப் பேச ஸ்தானாபதியாக அனுப்பப்பட்டவன் அவன். ராஜசிங்கனோ லேசுப்பட்ட ஆளல்லன். போர்த்துக்கீசியரை விரட்ட ஒல்லாந்தரை 1638இல் தானே அழைத்து, பின்பு அந்த ஒல்லாந்தரைப் போக்க வழி காணாமல், இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போலத் தவித்தவன். கரையொதுங்கிய வெள்ளைக்காரர்களையும் தூது வந்தவர்களையும் திருப்பி அனுப்பாமல் தன் நாட்டுக் கிராமங்களில் சேகரித்து வைத்துக்கொள்வதில் அலாதிப் பிரியம் உள்ளவன். அந்தச் சேகரத்தில் இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயன் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் சிறையிருந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் லண்டனில் அச்சிட்ட நூலில் நம் லானரோலின் ராஜசபைப் பிரவேசத்தை எழுதிவைத்திருக்கிறான்.

அரசன் இருக்கும் மாளிகையை நெருங்குகையில் குதிரையை விட்டிறங்கி நடக்கவேண்டும் என்பது அந்நாட்டு மரியாதை. லானரோல் இறங்கவில்லை. பிரான்சு தேசத்து மன்னனின் பிரதிநிதி புழுதியில் நடப்பதா என்று நினைத்தானோ என்னவோ, சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே மாளிகையைக் கடந்து போனான். ராஜசிங்கன் அதைக் கவனித்தான், ஒன்றும் சொல்லவில்லை, காத்திருக்க வைத்தான். நேரம் போயிற்று, அழைப்பு வரவில்லை. பொறுமையிழந்த ஸ்தானாபதி, எவன் உத்தரவுக்காக நான் நிற்கவேண்டும் என்பதுபோல், பிரதானிகள் தடுத்தும் கேளாமல் தன் இருப்பிடத்துக்குத் திரும்பினான். அவ்வளவுதான். அவனையும் அவனோடு வந்தவர்களையும் சவுக்கால் அடித்து விலங்கிட உத்தரவு பிறந்தது.

அவனை அனுப்பிய கடற்படையோ, ஒல்லாந்தரின் நெருக்குதல் தாங்காமல் திருகோணமலையை விட்டு நழுவி, நம் சென்னைச் சாந்தோமுக்கு வந்து கோட்டையைப் பிடித்து, 1674இல் அதையும் இழந்து போயிற்று. கண்டி மலைகளுக்குள் விட்டுவந்த ஸ்தானாபதியை மீட்க ஒருவரும் வரவில்லை. கர்வம் பிடித்தவன்தான், ஆனாலும் அந்தக் குதிரைச் சவாரியை நினைக்கும்போதெல்லாம் அவன்மேல் எனக்குக் கோபம் வருவதைவிடச் சிரிப்பும் பரிதாபமுமே முந்திக்கொண்டு வருகின்றன.

லானரோல் கத்தோலிக்கனல்லன், ஹியூகனோ என்று பெயர்பெற்ற பிரெஞ்சுச் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவன். அவன் கண்டியில் கைதியாகக் காலங்கழித்துக்கொண்டிருந்த 1685இல், அவனுடைய சொந்த மன்னனான பதினான்காம் லூயி, நாந்து நகரத்துச் சாசனத்தை ரத்துசெய்து ஹியூகனோக்களின் ஆலயங்களை இடிக்கவும், குருமாரை நாடுகடத்தவும், எஞ்சினோரைக் கத்தோலிக்கத்துக்குள் வலிந்து தள்ளவும் தொடங்கினான். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கன் எப்படிப் பதுங்கி ஜபம் செய்தானோ அப்படியே பிரான்சின் செவென் மலைகளில் ஹியூகனோ பதுங்கி ஜபம் செய்தான். அங்கே துன்புறுத்தியவன் கத்தோலிக்கன்; இங்கே துன்புறுத்தியது ஒல்லாந்தக் கும்பினியின் சீர்திருத்த சபை. இருவர் கையிலும் இருந்தது வேத புஸ்தகம். விடுதலை பெற்று ஊர் திரும்பியிருந்தால் லானரோல் தானே வேட்டையாடப்பட்டிருப்பான்.

இதைச் சொல்லும்போது, ஒல்லாந்தரை மட்டும் அசுரர்களாகத் தீட்டி, அவர்களுக்கு முந்திய போர்த்துக்கீசியரைத் தர்மவான்களாகக் காட்டும் சில பக்தி நூல்களோடு எனக்குச் சம்மதமில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இல் இடித்தவர்கள் போர்த்துக்கீசியரே. ஒல்லாந்தர் இடிப்பதைவிட எழுதுவதில் வல்லவர்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று பிரகடனம் செய்தார்கள் என்பது உண்மை; ஆனால் யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்துக் குடியானவனை நாள்தோறும் நெருக்கியது தூக்குமரமன்று, தோம்பு என்னும் பதிவேடு. தங்கள் சபையில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிவாகாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, பிதுரார்ஜிதத்துக்கும் இடையூறு. ஒரு கையெழுத்தால் முடிந்துபோகும் அந்தச் சங்கடத்துக்கு முப்பது வருஷம், ஒரு குருவின் முகத்தையும் காணாமல், தலைவணங்காதிருந்த அந்தக் கிராமத்தார்தான் என் கணக்கில் இந்தத் தொடரின் கதாநாயகர்கள். அடிகளைச் சில்லாலையில் மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

லானரோலின் சொல் எடுபட்டதில் ஆச்சரியமில்லை. ராஜசிங்கன் 1687இல் இறந்து மகன் இரண்டாம் விமலதர்மசூரியன் அரியணையில் இருந்தான். வந்தவர் போர்த்துக்கீசியக் கோவாவிலிருந்து வருகிறார். ஒற்றன் என்றால் நம்பாதவர் யார்? அடிகளும், அவருடைய பணியாள் ஜானும், புத்தளத்திலிருந்து வழிகாட்டி அழைத்துவந்த சோத்தோமயோர் என்ற வியாபாரியும் சேர்ந்தே சிறைபுகுந்தார்கள். குருவுக்குச் சிறை தொழிலின் ஒரு பகுதி எனலாம். வியாபாரிக்கு அது நஷ்டத்தைத் தவிர வேறென்ன? இருந்தும் அவர் உடன் நின்றார்.

சிறையில் அடிகள் சிங்களம் கற்றார். இந்த மனிதன் ஓடுகிறவன் அல்லன் என்று கண்டுகொண்ட காவலர் பிடியைத் தளர்த்தினர். அவர் ஒரு சிறு குடிசை எழுப்பி, அதற்குள் பீடம் அமைத்து, பூசை செய்யத் தொடங்கினார். கண்டியில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர், பழைய போர்த்துக்கீசியக் கைதிகளின் சந்ததியார் பலர் உட்பட, ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். அத்தீவு முழுவதற்கும் அப்போது அவர் ஒருவரே குருவானவர். தம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க இன்னொரு குரு இல்லாமல் அவர் கழித்த ஆண்டுகள் ஏறத்தாழ ஒன்பது.

லானரோல் ஊர் திரும்பவில்லை. அவன் குடும்பப் பெயர் இலங்கையில் இன்றும் வழங்கிவருகிறது. அவன் சிறைக்கு அனுப்பிய அடிகளை 2015 ஜனவரி 14ஆம் தேதி கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் புனிதர் என்று பிரகடனம் செய்தார். குதிரைமேல் வந்தவனே இத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டபடியால், 1696இன் வறட்சியும், அரசன் அடிகளை வரவழைத்ததும், நடுவீதியில் நாட்டிய சிலுவையும், பெய்த மழையும் அடுத்த இதழில். வாசகர்கள் ஒரு வாரம் பொறுத்தருள வேண்டும்.