பேச்சு வட்டங்களும் அரசியல் கொந்தளிப்பும்: சிதம்பரம், 1965

நண்பர்களுக்குள் நடக்கும் அரசியல் பேச்சு கொந்தளிப்புக் காலத்தில் எப்படி உருமாறுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் தெளிவான சான்று, சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர். இப்பகுதி அப்போது தென்னார்க்காடு மாவட்டம். 1993 முதல் கடலூர் மாவட்டம்.

1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வெளியூர் மாணவர்கள் விடுதியில் தங்கிப் படித்த இடம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பும் கல்லூரியில் விவாதமும் மணியோடு முடியும். விடுதியிலோ சாப்பாட்டுக்கூடம், டீக்கடை, அறை வாசல் என்று இரவு வரை தொடரும். 1940களின் தொடக்கத்தில் இங்கே படித்த இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் திராவிட இயக்கக் கருத்துகளை மாணவரிடம் கொண்டுசென்றது இந்தச் சூழலில்தான்.

1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்ற ஏற்பாடு நெருங்கியபோது, தனித்தனியாக இருந்த கல்லூரி வட்டங்களைத் தமிழ்நாடு மாணவர் இந்தி எதிர்ப்புக் குழு இணைத்தது. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போராடிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மாணவர் ராஜேந்திரன் இறந்தார். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை உண்டு.

கல்லூரிகளை அரசு மூடியது. என் பார்வையில் திருப்பம் இங்கேதான். பேச்சை அடக்க எடுத்த இந்த நடவடிக்கை, கேட்டதையும் கண்டதையும் நெஞ்சில் சுமந்த இளைஞர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிவைத்தது. விடுதிக்குள் இருந்த வட்டம் ஊர்த்திண்ணைக்கு வந்தது. போராட்டம் தொடர, பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். ஆட்சிமொழியாக ஆங்கிலமும் நீடிக்கும் எனப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார்.

கொந்தளிப்பு தணிந்தபின் வட்டங்களில் பல கட்சி அரசியலில் கலந்தன. 1967 தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் மாணவர் போராட்டத்திலிருந்து வந்தவர்.

அரை நூற்றாண்டு கழித்து, 2017இல் ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிரான போராட்டத்தில் விடுதியின் இடத்தைக் கைப்பேசி பிடித்தது. பேஸ்புக், வாட்ஸ்அப் அழைப்புகளால் ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஓரிரு நாளில் சென்னை மெரினாவில் கூடினர். கட்சிக்காரர்களைச் சேர்க்க மறுத்தனர். ஜனவரி 23 அன்று போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. ஜல்லிக்கட்டுக்கான சட்டம் அன்றே சட்டமன்றத்தில் நிறைவேறியது.