சங்கரதாஸ் சுவாமிகள்

தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 – நவம்பர் 13, 1922) தமிழ் இசை நாடக ஆசிரியர், பாடலாசிரியர், நடிகர், நாடகப் பயிற்சியாளர். மேடையில் நடிகர்கள் தம் விருப்பப்படி பேசியும் பாடியும் வந்த காலத்தில், உரையாடலையும் பாடலையும் முழுமையாக எழுதி, எழுதியபடியே நடிக்க வேண்டும் என்ற முறையை நிலைநிறுத்தியவர். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார்.

பிறப்பு, கல்வி

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளையிடம் தொடக்கத்தில் தமிழ் கற்றார். பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமும் பயின்றார். உடுமலை சரபம் முத்துச்சாமிக் கவிராயர் அங்கு அவருடன் படித்தவர். சில காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராக வேலை பார்த்தார். இருபத்து நான்காம் வயதில் நாடகத்துறைக்கு வந்தார்.

நாடக வாழ்க்கை

அப்போது பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் திரைச்சீலை, ஆர்மோனியம், டிக்கெட் வசூல் ஆகியவை தமிழ் மேடையில் பரவியிருந்தன. கதைகள் தெருக்கூத்திலிருந்து வந்தவையாகவே இருந்தன. சுவாமிகள் முதலில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்தார். அவருடைய சனீசுவரன் வேடத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டதாகவும், அதன்பின் அவர் நடிப்பதை விட்டுவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. துறவுக்கோலம் பூண்டு ஊர் ஊராகச் சென்ற பிறகு, கஞ்சிராக் கலைஞர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாக ஏற்று ஆதரித்தார். தாளமும் சந்தமும் பிசகாத அவருடைய பாடல்களில் அந்தப் பயிற்சியின் பயன் தெரிகிறது.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், பிரகலாதன், சதி சுலோசனா, லவகுசா முதலியன அவருடைய புகழ்பெற்ற நாடகங்கள். வெண்பா, விருத்தம், கீர்த்தனை, சிந்து என எல்லா வடிவங்களையும் கையாண்டார். புலவருக்குரிய யாப்பும் பாமரருக்குப் புரியும் பேச்சும் அவற்றில் இணைந்தன.

சிறுவர் குழுக்கள்

பெயர்பெற்ற நடிகர்கள் எழுதிக்கொடுத்த பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்கிப் பேசுவது கைதட்டல் பெற்றது, கதை சிதைந்தது. எனவே சுவாமிகள் சிறுவர்களிடம் திரும்பினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ். ஜி. கிட்டப்பா அதில் பயிற்சி பெற்றவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குதான் அவருடைய மாணவர்கள் ஆயினர். சிறுவனாக இருந்த டி. கே. சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார்.

இறுதிக்காலம்

1921-இல் பக்கவாதத்தால் கை கால்கள் செயலிழந்தன, பேச்சும் நின்றது. மற்றவர்கள் பேசுவதற்காக வாழ்நாள் முழுதும் எழுதியவர் பேச்சின்றியே குழுவுடன் இருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவர் எழுதிய நாடகங்களில் பல இன்று கிடைக்கவில்லை. எஞ்சியவற்றையும் அவருடைய வரலாற்றையும் பரப்பியதில் டி. கே. சண்முகத்தின் பங்கு பெரிது.

தாக்கம்

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் அவருடைய நாடகங்கள் இன்றும் இரவு முழுவதும் நடக்கின்றன. வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வேலனாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், நாரதர் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடம் என்பதால் நாடகம் தடையின்றி நடக்கிறது. பாடல்களுக்கு இடையில் நடிகர்கள் தம் சொந்தச் சொற்களால் தர்க்கம் செய்கிறார்கள். அவர் மேடையிலிருந்து விலக்க முயன்ற அந்தத் தர்க்கத்தைக் கேட்கவே இன்று பலர் விடியும்வரை அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் தர்க்கத்துக்கு அடியில் கதை குலையாமல் நிற்பதற்கு அவர் எழுதிவைத்த பாடல்களே காரணம்.