பெற்றோல் இல்லாத காலத்து ரோட்டு

காலை ஏழே முக்காலுக்குப் பரமேஸ்வராச் சந்தியில் ஒருக்கால் நின்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கம்பஸுக்கு வருகிற நாங்கள், மரக்கறி மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற ஐயா, மினி பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், டிப்பர் எல்லாம் ஒரே ரோட்டில். சைக்கிளுக்கு மிஞ்சுவது ரோட்டுக் கரையில் ஒரு முழம் இடம். அந்த ஒரு முழத்திலும் யாரோ ஒரு வானை நிப்பாட்டி வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப் போவதென்றால் நடு ரோட்டுக்கு வெட்டத்தான் வேணும். வெட்டினால் பின்னுக்கு ஹோர்ன்.

போன வருடம் எங்கள் பட்ச்சில் ஒருத்தி அப்படி வெட்டும்போதுதான் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் தட்டி விழுந்தாள். கை முறிவு. இரண்டு மாதம் விரிவுரைக்கு வரவில்லை. நாங்கள் பார்க்கப் போனபோது அங்கே வந்த சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “பிள்ளை, நீ பின்னுக்குத் திரும்பிப் பாத்தனியே?” இடித்தவர் என்ன வேகத்தில் வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் அதைத்தான் கேட்டோம். கேட்ட பிறகுதான் உறைத்தது. விழுந்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு எப்ப வந்தது?

அது எப்பவும் இப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, இயந்திரத்தில் ஓடுகிற வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடந்துபோக வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல். சட்டத்தின் கண்ணில் ரோட்டு நடக்கிறவர்களுடையது. வண்டிதான் அதற்குள் புதிதாக வந்த ஆபத்து. 1896 ஆகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண் கார் மோதி இறந்தார். அங்கே பெற்றோல் கார் ஒன்று மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான் என்று சொல்வார்கள். விசாரணை முடிவு: விபத்து மரணம். அதே வருடம் நவம்பரில் அந்தப் பழைய வேகக் கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டது. 1934இல் பிரித்தானிய ரோட்டுகளில் இறந்தவர்கள் 7,343 பேர்.

அந்தக் காலத்தில் சைக்கிளுக்குப் பின்பக்க விளக்கைக் கட்டாயமாக்கும் யோசனையை சைக்கிள் சங்கங்களே எதிர்த்தன. கேட்டால் விசர்க்கதை போலத்தான் இருக்கும். ஆனால் அவர்களின் நியாயம் இது: முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து ஓடுவது ஓட்டுநரின் கடமை, “என்னைப் பார்” என்று காட்டவேண்டிய கடமையை சைக்கிள்காரரின் தலையில் கட்டினால், நாளைக்கு விளக்கு இல்லாமல் செத்தவர்தான் குற்றவாளி. விளக்குப் பூட்டத்தான் வேணும், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் பயந்த மாதிரியேதான் நடந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

இந்தக் கதை வேறு மாதிரித் திரும்பிய ஒரு நாடும் இருக்கிறது: நெதர்லாந்து. ஒல்லாந்தர் என்றால் எங்களுக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான் ஞாபகம் வரும். இப்போது அந்த நாட்டைப் பற்றிக் கதைத்தால், அங்கே பிறக்கும்போதே சைக்கிளோடுதான் பிறக்கிறார்கள் என்பது போலக் கதைப்பார்கள். அது சரியில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கேயும் கார் பெருகியது, ரோட்டுகள் காருக்காக அகலமாக்கப்பட்டன, சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 1971இல் மட்டும் ரோட்டில் இறந்தவர்கள் 3,000க்கும் மேல். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் சிறுபிள்ளைகள்.

அந்த வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது இறந்த ஒரு பிள்ளையின் தகப்பன் ஃபிக் லாங்கன்ஹொஃப். அவர் ஒரு பத்திரிகையாளர். 1972இல் தன் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘பிள்ளைக்கொலையை நிறுத்து’. விபத்து என்று எழுதவில்லை, கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பையே பெயராக வைத்து ஒரு இயக்கம் எழுந்தது. அதன் முதல் தலைவியாக இருந்த மார்ட்யே ஃபன் புட்டனுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம், ஏறக்குறைய எங்கள் வயசு. அவர்கள் விபத்து நடந்த சந்திகளில் போய்க் குந்தினார்கள். தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். ரோட்டுக்கு நடுவில் மேசை போட்டு அயலட்டையோடு சேர்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் பெற்றோல் நின்றது. இஸ்ரேலை ஆதரித்ததற்காக அரபு நாடுகள் 1973 ஒக்டோபரில் நெதர்லாந்துக்கு எண்ணெய்த் தடை போட்டன. நவம்பர் 4ஆம் திகதியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சனங்கள் சைக்கிளும் ஸ்கேட்டிங்குமாகத் திரிந்தார்கள். தடை முடிந்ததும் எல்லாம் பழையபடி திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஏனென்றால் பெற்றோல் நிற்க முதலே கேள்வி கேட்டு நின்ற ஒரு கூட்டம் அங்கே இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் டென் ஹாக், டில்பேர்க் நகரங்களில் தனிச் சைக்கிள் பாதைகள் பரிசோதனையாகப் போடப்பட்டன. 1976இல், பிள்ளைகள் தெரு முழுவதும் விளையாடலாம், கார் நடை வேகத்தில்தான் போகவேண்டும் என்ற குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. பிறகு பொறுப்பு யாருக்கு என்பதும் மாறியது. இன்றைக்கு அங்கே கார் ஒன்று 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை இடித்தால் முழு நட்டத்துக்கும் கார்க்காரர் தரப்புத்தான் பொறுப்பு. பெரியவர் என்றால், பிழை அவரில் இருந்தாலும், பொதுவாகப் பாதியாவது கார்க்காரர் தரப்பில் விழும்.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கே 2022இலும் 745 பேர் ரோட்டில் இறந்தார்கள். அதில் கூடின தொகை சைக்கிள்காரர்கள், அதிலும் வயதானவர்கள்தான் கூட. ஆனால் 1971ஓடு ஒப்பிட்டால் மொத்தத் தொகை நான்கில் ஒன்றுக்கும் குறைவு.

பெற்றோல் நின்ற கதை எங்களுக்கும் இருக்கிறது. ஒருதடவை அல்ல, இரண்டு தடவை.

முதலாவது 1990. யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. ஓடின கொஞ்ச நஞ்ச மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். மற்றபடி யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, மண்ணெண்ணெய்க் கான், வருத்தக்காரர், சீமெந்துப் பை எல்லாம் கரியரில். பின்னேரம் அதே சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். கிளாலிக் கடலால் போனவர்கள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் வெளிக்கிட்டபோது, மிச்சமிருந்த வீடு முழுக்க சைக்கிளில்தான் ஏறியது. அந்த நெரிசலில் ஏறி ஓடவும் முடியாமல் உருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

“அந்தக் காலம் ரோட்டு எவ்வளவு அமைதி” என்று சிலர் சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். எங்களில் ஒருவரின் அம்மம்மா அதற்குச் சொன்ன பதில்: “அப்ப பயம் மேல இருந்து வந்தது மோனை, பின்னால இருந்து வரேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.” அதனால் அந்தக் காலத்துக்கு நாங்கள் ஏங்கவில்லை. தடையால் காலியான ரோட்டு சுதந்திரமான ரோட்டு அல்ல. ஆனால் ஒரு நகரம் முழுவதும் சைக்கிளில் இயங்கிய அனுபவம் எங்களிடம் இருந்தது. 2009க்குப் பிறகு ஏ9 திறந்து, காபெற் ரோட்டும் லீசிங் மோட்டார் சைக்கிளும் வந்தபோது, அந்த அனுபவத்தை ஒருவரும் திட்டத்துக்குள் எடுக்கவில்லை. அது வறுமையின் ஞாபகமாகப் போய்விட்டது. ரோட்டை அகலமாக்கியது வேகத்துக்காக. சைக்கிள் மாணவருக்கும் வயசாளிகளுக்கும் கூலிவேலைக்குப் போகிறவர்களுக்கும் என்று ஒதுங்கியது.

இரண்டாவது 2022. அது எங்களுக்கே தெரியும், ஏ.எல். காலம். பெற்றோல் செட்டில் நாள்கணக்கில் கியூ. மாலில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியில் வந்தன, ரயர் ரியூப் விலை ஏறியது, திருத்துகிற கடைகளிலும் கியூ. கார் வைத்திருந்த சேர்மாரும் சைக்கிளில் வகுப்புக்கு வந்தார்கள். பிறகு கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள் திரும்ப மாலுக்குள் போனது. நாங்கள் ஓடுகிற ரோட்டில் ஒரு கோடுகூடக் கீறப்படவில்லை. நெதர்லாந்தில் எண்ணெய்த் தடைக்கு முதலே இருந்த அந்தக் கூட்டம் எங்களிடம் இருக்கவில்லை. இலங்கையில் வருடத்துக்கு 2,000க்கு மேற்பட்டவர்கள் ரோட்டில் சாகிறார்கள். அதைக் கொலை என்று எழுத இன்னும் எங்களுக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லவேண்டும். ரோட்டில் இடமில்லை என்று நடைபாதையில் ஏற்றி ஓடுகிறவர்கள் நாங்கள். மூன்று பேர் சோடியாகக் கதைத்துக்கொண்டு போகிறவர்களும் நாங்கள். சந்தைக்கு நடந்துவருகிற அம்மாவுக்கு நாங்கள்தான் மோட்டார் சைக்கிள். பாரமும் வேகமும் கூடினவருக்குத்தான் பொறுப்பும் கூட என்றால், அந்தக் கணக்கு எங்களிலிருந்தே தொடங்கவேண்டும்.

கை முறிந்தவள் இப்போது பஸ்ஸில்தான் கம்பஸுக்கு வருகிறாள். சைக்கிளை விற்கவில்லை, ஓடவும் வீட்டில் விடுகிறார்கள் இல்லை. பள்ளிக்கூட வாசல்களுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, கரையில் வாகனம் நிப்பாட்டுவதைத் தடுக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று நாலைந்து பேர் இருந்து கதைத்தோம். அவளும் வந்திருந்தாள். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவள்தான் கேட்டாள்: “அந்த வானை அதில ஆர் நிப்பாட்டினது எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை, என்ன?”

அந்தக் கேள்வியோடுதான் கடிதம் தொடங்குகிறது.